குசினியிலிருந்து வந்த விடைகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போரால் பெற்றோல் கிடைக்காத காலம். வயது போனவர்களின் ஞாபகசக்தி ஆண்டுக்காண்டு எப்படிக் குறைகிறது, அது ஆயுளோடு எப்படிச் சேர்ந்து போகிறது என்று கணக்கிட, புள்ளிவிபரவியல் மாணவியான நான் உரும்பிராய்க்குச் சைக்கிளில் போவேன். அங்கே ஒரு தோட்டக்கார ஐயா இருந்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பேன். அவர் சிரித்தபடி குசினிப் பக்கம் திரும்புவார். அங்கே சமைத்துக்கொண்டிருக்கும் அவருடைய மனைவி ஐந்தையும் சொல்லிவிடுவார்.

“அம்மா, ஐயா சொல்லட்டும்!” என்று எரிந்து விழுவேன்.

“அவருக்கு எங்கை பிள்ளை ஞாபகம்? எல்லாத்துக்கும் நான்தானே,” என்று தேத்தண்ணியோடு வருவார். ஐயா அவர் சொன்னதையே பெருமையாகத் திருப்பிச் சொல்வார். வேறு வழியில்லாமல் முழுப் புள்ளியும் போடுவேன்.

அடுத்த வருடம் நான் போனபோது அந்த அம்மா காலமாகியிருந்தார். ஐயாவுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வரைபடத்தில் அவருடைய கோடு கயிறறுந்த வாளிபோல விழுந்தது.

“ஒரே வருடத்தில் இவ்வளவு மறதியா!” என்று என் பேராசிரியர் வியந்தார்.

அவர் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். நான் கேட்டு முடித்ததும் ஐயா சிரித்தபடி குசினிப் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.