பூனை விழுங்கிய கம்பளி நூல்

கீமோ ஏற்றத் தொடங்கிய பிறகு என் கணவரால் குளிர்ந்த எதையும் தொட முடியாமல் போயிற்று. எவர்சில்வர் டம்ளரை எடுத்தால் கரண்ட் அடித்ததுபோல் விரல்கள் வெட்டி இழுக்கும். தாழ்ப்பாள், குளியலறைக் குழாய், ஃபிரிட்ஜ் கைப்பிடி எல்லாமே அவருக்குப் பகையாகிவிட்டன. அந்த மருந்து அப்படித்தான் செய்யும், டில்லி ஜனவரியில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் என்றார் டாக்டர். கொஞ்சம் என்றுதான் சொன்னார்.

எங்களுக்குக் கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். பிள்ளைகள் இல்லை. அவர் மருத்துவ விடுப்பில் இருந்தார். பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நானும் விடுப்புப் போட்டுவிட்டு அவரோடு இருந்தேன். இருந்து என்ன செய்ய என்றுதான் தெரியவில்லை. வாயெல்லாம் புண், சமைத்ததைச் சாப்பிட மாட்டார். பேசினால் களைத்துப்போவார். கடைக் காலுறையின் எலாஸ்டிக் அவருடைய வீங்கிய கணுக்காலில் பள்ளமாக இறங்கியதைப் பார்த்த அன்றுதான் கரோல் பாகுக்குப் போய் மெத்தென்ற கம்பளி நூல் வாங்கிவந்தேன்.

போனில் வீடியோ பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டேன். பாதம் வரை ஓடிவிடும்; குதிகாலில் திரும்பும்போது கண்ணிகள் நழுவி ஓட்டை விழும். பிரிப்பேன், மறுபடி பின்னுவேன். பக்கத்து அறையில் அவர் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்கும்போது ஊசிகள் இன்னும் வேகமாக ஓடும். காலுறைகள் முடிந்த பிறகும் என் கை நிற்கவில்லை. டம்ளருக்கு ஒரு உறை பின்னினேன். வெந்நீர்ப் பைக்கு ஒன்று. தாழ்ப்பாளுக்கு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு, குழாயின் திருகுக்கும்கூட. வீடு முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டதுபோல் ஆயிற்று. பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. இந்த வீட்டில் எதுவும் அவரைச் சில்லென்று குத்தக்கூடாது என்ற வெறியில் பின்னினேன். உள்ளே இருந்த நோயை என்னால் தொட முடியவில்லை, குழாயையாவது மூடுவோமே.

பூனை முந்தின மழைக்காலத்தில் பால்கனி வழியாக வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்திருக்கும். "ரோமம் கொட்டும், துரத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான் அவர். அவர் படுக்கையில் விழுந்த பிறகு அது ரஜாய்ப் போர்வைக்குள் புகுந்து அவர் காலடியில் சுருண்டுகொண்டது. அதன் சூடு அவருக்குப் பிடித்துவிட்டது. என் காலுறையும் பூனையும் சேர்ந்தால்தான் தூக்கமே வரும்.

அன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, டாக்டர் அதைப் பார்த்த பிறகு அடுத்த மருந்து ஏற்றுவார்கள். பூனை சோபாவுக்குக் கீழே கழுத்தை நீட்டி நீட்டிக் குமட்டியது. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்குக்கு அடியில் பச்சை நூல் சுற்றிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியிருந்தது. குளியலறைக்கு ஓடினேன். குழாயின் உறை பாதி பிரிந்து தொங்கியது.

கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். "இழுத்துடாதீங்க மேடம்!" என்று இந்தியில் கத்தினார். இழுத்தால் குடல் அறுந்துவிடுமாம். உடனே கொண்டுவரச் சொன்னார்.

நான் பூனையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவரைப் பார்ப்பதா, இதைப் பார்ப்பதா?

"ஏட்டி, எந்திரி" என்றார் அவர். "அதத் தூக்கிக்கிட்டு நீ போ. நான் தனியா போய்க்கிடுதேன்."

"உங்கள எப்படித் தனியா விட?"

"எனக்கு அங்கன நர்ஸ் இருக்கு, டாக்டர் இருக்கு. அதுக்கு யாரு இருக்கா?"

"ரெண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லவா?"

"பேசிக்கிட்டே இருந்தா அது செத்துரும்ட்டி."

ஒரே ஆட்டோவில் ஏறினோம். பூனையைத் தலையணை உறையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய மார்போடு அணைத்திருந்தேன். புகைமூட்டத்தில் எதிரே வந்த பஸ்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கினார். கம்பியைப் பிடித்து நிதானித்து நின்றார், பூனையின் நெற்றியை ஒருமுறை தொட்டார், பிறகு நடந்தார். அவர் போன பிறகுதான் கவனித்தேன், ஒரு செருப்பு ஆட்டோவுக்குள்ளேயே கிடந்தது. பாதம் மரத்துப்போயிருந்ததால் கழன்றது அவருக்குத் தெரியவில்லை. ஒரு காலில் செருப்பும் இன்னொன்றில் வெறும் காலுறையுமாக, ஈரத் தரையில், கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்.

"என்னங்க! என்னங்க!" என்று கத்தினேன். கேட்கவில்லை. பூனையோடு இறங்கி ஓடவும் முடியவில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "தீதி, நீங்க உக்காருங்க" என்று அதை எடுத்துக்கொண்டு ஓடினார். கூட்டத்தின் நடுவே குனிந்து அவர் காலில் மாட்டிவிட்டார். என் கணவர் ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் பூனையின் குடல், நாடா இழுத்துச் சுருக்கிய பாவாடை மாதிரி இருந்தது. உடனே ஆபரேஷன் என்று உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் காலி தலையணை உறையைக் கையில் சுருட்டியபடி உட்கார்ந்திருந்தேன். சாமி கும்பிடலாம் என்றால் யாருக்காகக் கேட்பது என்று குழம்பியது. எத்தனை கேட்டால் கோபம் வரும், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவா என்றெல்லாம் யோசித்தேன். புத்தி அப்படி ஆகியிருந்தது.

மதியத்துக்கு முன்பே கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். மருந்து ஏறி முடிய மாலையாகிவிடும். அந்த நேரத்துக்கு அவர் வரவே கூடாது. அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். இரண்டிலும் செருப்பு இருந்தது.

"பூனை எப்படி இருக்கு?"

"உள்ள இருக்கு. நீங்க ஏன் இப்பமே வந்திட்டீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்தார். "மருந்து ஏத்தல. இது கேக்கலையாம். ஈரலுக்கும் போயிருக்காம். வேற மருந்து பாக்கணும்னாரு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த மருந்த நிப்பாட்டியாச்சுல்லா. இனிமே பச்சத்தண்ணி குடிக்கலாமாம் மெல்ல மெல்ல" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இதை அவர் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார். தனியாக எழுந்து, தனியாக ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். அந்தப் பெஞ்சில், நாய்களோடு காத்திருந்தவர்களுக்கு நடுவே, அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. பூனைக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பூனை பிழைத்தது. வயிற்றுத் தையலை நக்காமலிருக்க, ஒரு பெரிய காலுறையின் மேல்பகுதியை வெட்டி நான்கு ஓட்டை போட்டுச் சட்டையாக மாட்டிவிட்டேன். ஆனால் சாப்பிட மறுத்தது. சாப்பிடாவிட்டால் ஈரல் கெட்டுவிடும் என்றார் கால்நடை டாக்டர். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பித்துப் பிடித்ததுபோல் ஆயிற்று. வேகவைத்த கோழியை மசித்து அதன் வாயில் திணித்தேன். துப்பியது. மறுபடி திணித்தேன். "தின்னு, தின்னு தொல" என்று கத்திக் கிண்ணத்தைத் தரையில் அடித்தேன். கோழி சுவரெல்லாம் தெறித்தது.

அவர் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, சிந்தியதில் கொஞ்சத்தை விரலில் தடவிப் பூனையின் வாயருகே நீட்டினார். வெகுநேரம் நீட்டியபடியே இருந்தார். அது முகர்ந்தது, திரும்பிக்கொண்டது, பிறகு நாக்கை நீட்டியது.

மரத்த விரலுக்கு அது தெரியவில்லை.

"திங்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"திங்குது."

இன்னும் கொஞ்சம் தடவி நீட்டினார்.

புது மருந்து அடுத்த வாரம் தொடங்கியது. அது கேட்குமா என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. குழாய்களில் மாட்டியிருந்ததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டேன். பின்னுவதை மட்டும் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பின்னுகிறேன். வெளியே பூனை பிறாண்டுகிறது, "அத உள்ள விடேன்ட்டி" என்று அவர் குரல் கொடுக்கிறார்.