விட்டுப்போன முதல் பெயர்

டயாலிசிஸ் மையத்தின் ஆனேக்கல் கிளையில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுது. அங்கே டயாலிசிஸுக்கு வரவேண்டிய பதினெட்டுப் பேரும் இன்று காலை எலெக்ட்ரானிக் சிட்டி கிளைக்கு வந்தாக வேண்டும். நேற்று மாலையே சங்கமித்ராவின் புரோகிராம் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பிவிட்டது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

எட்டரை மணி. பதினேழு பேர் வந்தாயிற்று. ஆரோக்கியசாமியைக் காணோம். போன முறையும் காய்ச்சலென்று அவர் வரவில்லை. இதுவும் விட்டுப்போனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

கோலார் தங்கவயலில் பிறந்த சங்கமித்ராவுக்கு வயது இருபத்திமூன்று. அப்பா வாட்ச்மேன். அந்த வீட்டின் முதல் பட்டம் அவளுடையது, பி.ஏ. வரலாறு. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து தொண்டை வற்றியவள், போனிலேயே பாடம் பார்த்து பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்று, அந்த வேலையைப் பத்து வரியில் முடித்துக் காட்டினாள். சாஃப்ட்வேர் பிரிவுக்கு அவளை மாற்றுவதாக மேலாளர் பத்ரிநாத் சொல்லியிருந்தார்.

லேப்டாப்பைத் திறந்தாள். அனுப்பியவை பதினேழு.

தினமும் நோயாளிகள் பட்டியலைத் தட்டுகிற தனலக்ஷ்மி அக்கா எந்தக் கணக்கையும் முதல் வரியில் ‘ஸ்ரீ’ போடாமல் தொடங்க மாட்டார். கம்ப்யூட்டரோ வரிகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும்; அதன் கணக்கில் ஸ்ரீ பூஜ்யமாவது வரி. ஸ்ரீக்கு மெசேஜ் போகக்கூடாதே என்று, வரிவரியாக எடுத்து மெசேஜ் அனுப்பும் ஃபார் லூப்பை ஒன்றிலிருந்து ஓடவிட்டிருந்தாள் சங்கமித்ரா. வரிகளைவிட ஒன்று குறைவாகவே எப்போதும் மெசேஜ் போகும். அந்தக் குறை அவள் கண்ணுக்குப் பழகிவிட்டது. நேற்று அக்கா லீவு. புதிதாக வந்த பார்கவி ஸ்ரீ போடாமல், நேராகப் பெயரில் தொடங்கியிருந்தாள். முதல் பெயர் ஆரோக்கியசாமி.

லூப்புக்கு ஆள் தெரியாது. இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை என்றால் அவ்வளவுதான். அப்படியானால் அவர் ஆனேக்கலுக்கே போயிருப்பார்.

ஆனேக்கல் கிளை காவலர் முனியப்பனை அழைத்தாள்.

“ஆமாம்மா, ஒரு பெரியவர் வந்தாரு. பூட்டியிருக்குன்னதும் பஸ் ஸ்டாண்டு பக்கமா போய்ட்டாரு. காலு ரெண்டும் வீங்கியிருந்துச்சு.”

“அண்ணா, ஓடிப்போய்ப் பாருங்கண்ணா. கெடச்சா அப்படியே ஆட்டோல ஏத்தி இங்க அனுப்புங்க. ப்ளீஸ்ண்ணா.”

பதினைந்து நிமிடம் போனையே வெறித்திருந்தாள். வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று கூவிக்கொண்டு போனது. அது ஆனேக்கல் பக்கம் போகக்கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முனியப்பன் திரும்ப அழைத்தார். பெரியவர் டீக்கடை பெஞ்சில் மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

ஆட்டோ வந்து நின்றபோது அவர் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

“ஏம்மா, எல்லாருக்கும் மெசேஜ் போட்டியாமே. நான் போய்ச் சேந்துட்டேன்னு பேர வெட்டிட்டியா?”

“என் தப்பு அங்கிள். பேசாதீங்க, மூச்சு வாங்குது.”

அவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் பத்ரிநாத் குரலைத் தாழ்த்தினார். “போன் ரீச் ஆகலன்னு ரிப்போர்ட்ல போட்டுடும்மா. யார் கேக்கப் போறாங்க?”

சுலபமான வழிதான். நாளை இன்னொரு பட்டியலும் இப்படியே வந்தால்?

“இல்ல சார். மெசேஜே போகல. நான் எழுதுன லூப்தான் அவர விட்டுடுச்சு. அப்படியே எழுதிக் குடுக்கறேன்.”

பத்ரிநாத் ரிப்போர்ட் தாளை அவளிடம் நீட்டினார். “அப்போ அந்த டீம் மாத்துற விஷயம்... அப்புறம் பாக்கலாம்.”

“சரி சார்.”

ஆரோக்கியசாமியின் படுக்கையருகே போய் நின்றாள். குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. அவர் கண்மூடிக் கிடந்தார். அடுத்து எந்த எண் வருமோ என்று திரையிலிருந்து கண்ணெடுக்காமல் நின்றாள் சங்கமித்ரா.