கடற்கழுகு வந்த சனிக்கிழமை

காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது காது கொடுத்துக் கேட்பது. குசினி யன்னலைத் திறந்துவிட்டு, தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும்வரை அப்படியே நிற்பேன். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கம்பிவலைக் கூண்டுகள் இருக்கின்றன. கழுகுகள், வல்லூறுகள், பருந்துகள், ஆந்தைகள். காரில் அடிபட்டு வந்தவை, வெடி பட்டு வந்தவை, யாரோ வீட்டில் வளர்த்துக் கெடுத்தவை, இனிப் பறக்கவே முடியாதவை. விடிந்ததும் வல்லூறுகள் பசியில் கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் மனம் ஆறும். கேட்காவிட்டால் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடுவேன்.

வேட்டைப் பறவை தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் சோர்ந்து நின்றால் மற்றது வந்து அடித்துப்போடும் என்று அதற்குத் தெரியும். அதனால் கடைசிவரை நிமிர்ந்தே நிற்கும். அது சோர்ந்து நிற்பதை நாம் காணும் நாளில் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே தினமும் ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றுவேன். எடை குறைந்தால் பயம். காரணமில்லாமல் கூடினாலும் பயம். எச்சத்தின் நிறத்தைக் குனிந்து பார்ப்பேன். முதல்நாள் இரவு உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்த கோழிக்குஞ்சுகளையும் எலிகளையும் வெட்டிக் கிண்ணங்களில் போடுவேன். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகும் நாட்களில் இரண்டு தரம் முழுகினாலும் கையில் அந்த வாடை இருப்பதுபோலவே இருக்கும். திருநீறு வாங்கும்போது ஐயர் முகத்தைத் திருப்புகிறாரோ என்று பார்ப்பேன்.

இந்த நாட்டுக்கு வந்து மிருக வைத்தியரிடம் தாதியாக வேலை செய்தபோதுதான் பறவைகளோடு பழக்கம் ஏற்பட்டது. பிறகு மெல்பேர்னின் தென்கிழக்கு எல்லையில் இந்தக் காணியை வாங்கினோம். கணவர் நகரத்தில் கணினி வேலை பார்க்கிறார். நான் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் பறவைகளைக் காட்டிப் பேசுவேன். இந்தப் பறவைப் பராமரிப்பு நிலையம் அந்த வருமானத்தில்தான் ஓடுகிறது.

கடந்த சில வருடங்களாக எனக்கு ஒரே ஒரு பெரிய பயம். பறவைக் காய்ச்சல். மற்ற நாடுகளில் கடற்கரை முழுக்கப் பறவைகள் செத்துக் கிடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த வகை நோய் இந்தப் பெருநிலத்துக்கு இன்னும் வரவில்லை என்றார்கள். ‘இன்னும்’ என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடாது. வசந்தத்தில் வடக்கிலிருந்து கரையோரப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். முன்பெல்லாம் அதைப் பார்க்க நானும் கணவரும் சாப்பாடு கட்டிக்கொண்டு போவோம். இப்போது அந்த மாதங்கள் வந்தாலே, அவை நோயைக் கொண்டுவருமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமைகளில் உதவிக்கு ஒருவர் வருவார். தம்பி என்றுதான் நான் கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும். அகதியாகப் படகில் வந்தவர். வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இருக்கிறார். கிழமை நாட்களில் டண்டினோங் பக்கம் கோழி இறைச்சி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. ஒருமுறை ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில், மீன் கடை வாசலில் மயங்கிக் கிடந்த சிறு வல்லூறு ஒன்றைத் தன் சேர்ட்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அது பிழைத்துப் பறந்துபோனது. அன்றிலிருந்து வந்துகொண்டிருந்தார். “கிழமை முழுக்கச் செத்த கோழியைத்தானே பாக்கிறன் அக்கா. ஒரு நாளைக்கு உயிரோட இருக்கிறதைப் பாப்பம்” என்பார்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரு நூலகத்தில் காட்சி இருந்தது. கணவர் வெளியூர் போயிருந்தார். கூண்டு துப்புரவாக்குவதைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கூகையைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். காட்சி நேரத்தில் நான் போன் எடுப்பதில்லை. மதியம் திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. முன்கையில் ஒரு துணி சுற்றியிருந்தது.

“அக்கா, வந்து பாருங்கோ. நீங்கள் எவ்வளவு நாளாக் கிட்டப் பாக்க ஆசைப்பட்ட சாமான்.”

வைத்திய அறை மேசையில், பழைய துவாய்க்குள், வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்று கிடந்தது. வேறு நிலையில் கண்டிருந்தால் எவ்வளவு அழகான பறவை என்று நினைத்திருப்பேன். அதன் தலை மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கழுத்து ஒரு பக்கமாக வளைந்திருந்தது. கால் விரல்கள் முஷ்டிபோல மூடிக் கிடந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“எங்க எடுத்தனீங்கள்?”

வெஸ்டர்ன் போர்ட் கரையில் நாயோடு நடந்துபோன ஒரு பெண் நிலையத்துக்கு அழைத்திருக்கிறார். சேற்றில் கழுகு கிடக்கிறது, தண்ணீர் ஏறுகிறது என்று. இவர் எனக்கு இரண்டு தரம் போன் அடித்துப் பார்த்துவிட்டு நிலையத்தின் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முழங்கால் அளவு சேற்றுக்குள் இறங்கித் தூக்கியிருக்கிறார். தூக்கும்போது அலகால் கையைக் கிழித்துவிட்டது.

“அங்க வேற ஏதும் பறவை கிடந்ததே?”

“ரெண்டு மூண்டு கடற்புறா செத்துக் கிடந்தது அக்கா. ஏன்?”

அடுத்த கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

“இதைக் கொண்டுவந்து வைச்சிட்டுப் பிறகு என்ன செய்தனீங்கள்?”

“நீங்கள் களைச்சு வருவீங்கள் எண்டு எல்லாருக்கும் நானே சாப்பாடு வைச்சிட்டன். தண்ணியும் மாத்தியாச்சு.”

அவருடைய காற்சட்டையில் சேறு காய்ந்திருந்தது. அதே உடுப்பு, அதே சப்பாத்து. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் போய் வந்திருக்கிறார். பதினொரு வருடமாக எங்களோடு இருக்கும், ஒரு சிறகு இல்லாத பெரிய கழுகின் கூண்டுக்குள்ளும் போயிருக்கிறார். அதற்கு அவர் கையால் ஊட்டினால்தான் பிடிக்கும்.

நான் சத்தம் போடவில்லை. என்ன நோயாக இருக்கலாம் என்று சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போக நேரம் எடுத்தது. பிறகு மெதுவாகத் தன் கையைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

விலங்கு நோய்களை அறிவிக்க அரசாங்கத்தின் அவசர எண் ஒன்று இருக்கிறது. அது எங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. நான் போனை எடுத்ததும் அவர் சொன்னார்:

“அக்கா, ஒரு ரெண்டு நாள் பாத்திட்டுச் சொல்லுவமே? சும்மா ஏதும் நஞ்சைத் திண்டிருக்கும். கவுண்மென்ரில என்ர பேர் போனா எங்க போய் நிக்குமெண்டு தெரியாது. தொழிற்சாலையிலயும் விடமாட்டாங்கள்.”

எனக்கும் அந்த இரண்டு நாள் வேண்டியிருந்தது. அழைத்தால், அவர்கள் வந்து என் கூண்டுகளைப் பார்ப்பார்கள். நோய் உறுதியானால் வேறு நாடுகளில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தேன். கழுகின் தலை ஆடுவது நிற்கவேயில்லை.

“வீட்டை போனவுடன மகளைத் தூக்குவீங்கள் என்ன?” என்று கேட்டேன்.

அவருக்கு மூன்று வயதில் ஒரு பிள்ளை. அவர் வெளியே போய்க் குழாயடியில் நின்று கையை மறுபடி மறுபடி கழுவினார். திரும்பி வந்து, “அடியுங்கோ அக்கா” என்றார்.

பின்னேரம் ஒரு பெண் மிருக வைத்தியரும் உதவியாளரும் வந்தார்கள். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு. அயல் காணிக்காரர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் கழுகின் தொண்டையிலும் பின்புறத்திலும் மாதிரி எடுத்தார். கொஞ்சம் இரத்தமும் எடுத்தார். பிறகு கூண்டுகள் பக்கம் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நிற்கும்போது, அவர் எண்ணுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

“அந்தக் காய்ச்சல்தான் என்றால் இவற்றை என்ன செய்வீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“எனக்குத் தெரியாது,” என்றார். “பொய் சொல்லி உங்களை ஆறுதல்படுத்த எனக்கு விருப்பமில்லை.”

நல்ல மனுசி. ஆனால் அந்த நல்ல வார்த்தை என் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல இருந்தது.

முடிவு வரும்வரை யாரும் உள்ளே வரவும் கூடாது, பறவை எதுவும் வெளியே போகவும் கூடாது. கணவரை வரவேண்டாம் என்றேன். அவர் நண்பர் வீட்டில் தங்கினார். தம்பியை அவர் வீட்டில் தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு தாதி தினமும் போன் எடுத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். தம்பி கராஜுக்குள் மெத்தை போட்டுப் படுத்தார். மனைவி சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவாராம். பிள்ளை கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிடுமாம்.

“தாதி என்ர விசாவைப் பற்றி ஒண்டும் கேக்கயில்லை அக்கா,” என்றார் போனில். “ஏன் கேக்கயில்லை எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன்.”

நான் கவச உடுப்புக்குள் வேர்த்து வழிந்தபடி வழமையான வேலைகளைச் செய்தேன். ஒரு கூண்டுக்கும் அடுத்த கூண்டுக்கும் இடையில் சப்பாத்தை மருந்துத் தண்ணீரில் தோய்ப்பது, கையுறை மாற்றுவது, மறுபடி தோய்ப்பது. பழகிய பறவைகளே என்னை அடையாளம் தெரியாமல் வலையில் மோதின. முகக்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது நான்தான் என்று காட்ட, வழக்கமாகக் கூப்பிடும் சத்தத்தைக் கொடுத்துப் பார்த்தேன். முகமூடிக்குள் குரலும் மாறிப்போயிருந்தது.

ஒரு வல்லூறு தும்மியது. சாதாரணமாகவே இரை தின்ற பிறகு தும்மும் பறவை அது. நான் கூண்டின் வெளியே தரையில் உட்கார்ந்து அடுத்த தும்மலுக்காகக் காத்திருந்தேன். கூகை இரையைத் தொடவில்லை. எச்சங்கள் எல்லாமே நோய்ப் பச்சையாகத் தெரிந்தன. ஒற்றைச் சிறகுக் கழுகு மட்டும் கம்பியடிக்கு வந்து, வாசலை எட்டிப் பார்த்தது. சனிக்கிழமை ஆளைத் தேடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது என் மனந்தான். அதற்கு இறைச்சி வேண்டியிருந்திருக்கும்.

நோய் தொற்றியிருந்தால் அந்தப் பெரிய கழுகு எப்போது நடுங்கத் தொடங்கும், அதைக் கொல்ல எப்படி ஊசி போடுவார்கள், நான் பிடித்துக்கொண்டு நிற்க விடுவார்களா என்றெல்லாம் யோசித்தேன். விடுவார்கள் என்றால் நிற்பேனா என்றும் யோசித்தேன். கடற்கழுகு தனி அறையில் உயிரோடு கிடந்தது. குழாயால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் அது செத்துப்போனால் நல்லது என்று நினைத்தேன். செத்தால் நோய் உறுதி என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தேன்.

போன் மணியடித்தபோது நான் வாளியோடு நின்றேன். வைத்தியர் நேரடியாகவே சொன்னார்: பறவைக் காய்ச்சல் இல்லை. இரத்தத்தில் ஈயம். யாரோ சுட்டுப்போட்ட நரியையோ முயலையோ தின்று, ஈயத் துண்டுகளையும் விழுங்கியிருக்கிறது. கரையிலிருந்து எடுத்துச் சோதித்த கடற்புறாக்கள் எதனால் செத்தன என்று தெரியவில்லை, ஆனால் அவற்றிலும் அந்த நோய் இல்லை. நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, உடனே தம்பிக்கு அடித்தேன்.

“இல்லையாம்,” என்றேன்.

அந்தப் பக்கம் கராஜ் கதவு திறக்கும் சத்தமும், பிள்ளையின் குரலும் கேட்டன. அவர் போனை எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அதோடு முடியவில்லை. விசா பற்றி யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வேலைக்கு வராத நாட்களுக்குத் தொழிற்சாலைதான் காரணம் கேட்டது. வெளியில் உயிருள்ள பறவைகளைத் தொடுகிறவர்கள் இனி இங்கே வேலை செய்ய முடியாது, எது வேண்டுமென்று முடிவெடுங்கள் என்று மேற்பார்வையாளர் சொன்னார். முடிவெடுக்க அதில் என்ன இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை.

கடற்கழுகுக்கு வாரக்கணக்காக ஊசி போட்டோம். மெல்ல மெல்ல விரல்கள் விரிந்தன. நீண்ட கூண்டில் விட்டபோது முதலில் சுவரில் மோதியது, பிறகு மோதாமல் திரும்பிப் பறக்கப் பழகியது. இரத்தம் சுத்தமானதும், எடுத்த கரையிலேயே விடுவதென்று தீர்மானித்தோம். நான் தம்பிக்குச் சொன்னேன். குடும்பத்தோடு வந்தார். பறவையைத் தொடக்கூடாது என்பதால் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்.

நானும் கணவரும் பெட்டியைச் சேற்றின் ஓரம்வரை கொண்டுபோய்த் திறந்தோம். கழுகு வெளியே வந்து கொஞ்சநேரம் எங்களை முறைத்தது. பிறகு கனமாக எழும்பி, தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து, அலையாத்தி மரங்களுக்கு அப்பால் போய்விட்டது. தூரத்தில் பிள்ளை கை தட்டியது.

காருக்குத் திரும்பியபோது அவருடைய மனைவி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். அதற்கு முன் நாங்கள் இருவரும் அதிகம் பேசியதில்லை.

“அக்கா, கோவிக்கக்கூடாது,” என்றார். “இனி இவரை ஒண்டுக்கும் கூப்பிடாதேங்கோ. நீங்கள் கூப்பிட்டா வருவார். பிள்ளை கராஜ் கதவில நிண்டு அழுதது உங்களுக்குத் தெரியாது. கடலிலயும் பயந்து, தடுப்புக் காம்பிலயும் பயந்து வந்தனாங்கள். குருவிக்காகவும் பயப்பட என்னால ஏலாது.”

“ஓம்,” என்றேன்.

நான் அவரைக் கூப்பிடவில்லை. கூண்டு வலைகளை இப்போது கணவரும் நானுமாகத் திருத்துகிறோம். தம்பி எப்போதாவது ஒரு செய்தி அனுப்புவார்: பெரிய கழுகு சாப்பிடுதா? நான் அது இரை தின்னும் படமொன்றை எடுத்து அனுப்புவேன். கையால் ஊட்டினால்தான் தின்னும் பழக்கத்தை அது விட்டுவிட்டது என்பதை மட்டும் சொல்வதில்லை.

இந்த வருடமும் கரையோரப் பறவைகள் வந்துவிட்டன என்று நேற்று அயல் காணிக்காரர் வேலியோரம் நின்று சந்தோசமாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டு, வாசலில் சப்பாத்துத் தோய்க்கும் தொட்டிக்குப் புதிதாக மருந்து கலக்கப் போனேன்.