வியாழனுக்குப் போன எரியோட்டுச் சமையல்காரர்

ஞாயிற்றுக்கிழமை பாட்டில் போடக் கூடாது என்று எனக்குச் சொன்னவர் விண்வெளி உடையில் இருந்தார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில், நான் குடியிருக்கும் தெருவின் முனையில் கண்ணாடிக்கென்று தனித் தொட்டி உண்டு. ஓய்வு நாளில் அதில் எதையும் போட்டுச் சத்தம் எழுப்பக் கூடாது என்பது விதி. காலி ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நான் நிற்க, வெள்ளி நிற உடுப்பும் மீன்தொட்டி அளவுக்குத் தலைக்கவசமும் அணிந்த ஒருவர் எதிரே வந்து விரலை ஆட்டி, "ருஹெட்டாக்" என்றார். ஓய்வு நாள் என்று பொருள். கவசத்தின் கண்ணாடியைத் தூக்கிய பிறகுதான் அது மேல்மாடியில் இருக்கும் லிண்ட்னர், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், என்று தெரிந்தது. வேற்றுக் கோளிலிருந்து இறங்கி வந்தாலும் இந்த ஊரில் முதலில் குப்பை விதியைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாட்டிலோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் மாடிப்படியில் அவரே விளக்கம் சொன்னார். இளவயதில் வாரந்தோறும் வாங்கிப் படித்த மலிவுத்தாள் விண்வெளிக் கதை ஒன்று இப்போது பெரும் செலவில் படமாகி, பல நாடுகளில் பல மொழிகளில் வரப்போகிறது. அந்தக் கதைக்கு இங்கே ஒரு ஃபெராய்ன், அதாவது பதிவு பெற்ற சங்கம், இருக்கிறது. படம் வெளியாகும் நாளில் உறுப்பினர்கள் விண்வெளி உடையில் தியேட்டருக்குப் போவதென்று கூட்டம் போட்டுத் தீர்மானித்திருக்கிறார்கள். உடையோடு நடந்து பழகத்தான் அவர் கீழே வந்தாராம். பேசிக்கொண்டே ஒரு பழைய இதழைக் காட்டினார். அட்டையில் வியாழன் கோளின் செந்நிற மேகத்துக்குள்ளிருந்து ஒரு எட்டுக்கை பூதம் ராக்கெட்டை நெரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பூதத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல் ஒன்றின் அட்டையில்தான் அதை முதலில் பார்த்தேன். பெயர் 'வியாழனில் ஒரு வெள்ளிக்கிழமை', அதே கதையின் தமிழ் வடிவம். வடமதுரையிலிருந்து டியூஷனுக்கு வந்துபோன நானும் செல்லப்பாண்டியும் அதை வாங்கி, பேருந்தில் ஆளுக்கொரு பக்கமாக எட்டிப் பார்த்துப் படித்தோம். எங்களை ஆட்டிப்படைத்தது கேப்டன் அல்ல, கப்பலின் சமையல்காரர் சோணமுத்து. சொந்த ஊர் எங்கள் பக்கத்து எரியோடு. கேப்டனின் கதிர்த் துப்பாக்கி பழுதாகி எல்லோரும் சாகக் கிடக்கும்போது, சோணமுத்து கப்பலின் கதவைத் திறந்து பூதத்தைப் பார்த்து "சாப்டியா அப்பு?" என்று கேட்பார். ஒரு அண்டா ரசமும் கருவாட்டுக் குழம்பும் உள்ளே போனதும் பூதம் கைகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஜெர்மன்காரர்களின் கப்பலில் எரியோட்டுக்காரர் எப்படி ஏறினார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறவர்கள் வியாழனில் இருக்கக் கூடாதா என்ன?

நான் படித்து இங்கே ஒரு தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். பாண்டி பத்தாம் வகுப்போடு நின்று சமையலுக்குப் போனான். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டபோது அவன் மட்டும் தலைநிமிர்ந்து திரிந்ததற்குக் காரணம் சோணமுத்துதான். இன்று வடமதுரையில் திருச்சி சாலை ஓரமாக 'சோணமுத்து மெஸ்' நன்றாகவே ஓடுகிறது. போர்டில் ராக்கெட் படம். சோணமுத்து உங்க அப்பாவா என்று கேட்கும் லாரிக்காரர்களிடம், "இல்லண்ணே, அவரு வியாழன்ல இருக்காரு" என்று பதில் சொல்வான். அவர்களும் மேற்கொண்டு கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

படச் செய்தியை நான்தான் அவனிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். அதே வாரத்தில் 'அகில உலக சோணமுத்து ரசிகர் மன்றம், வடமதுரை கிளை' உதயமாகிவிட்டது. தலைமை மன்றம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் தமிழில் படம் ஓடப்போகும் தியேட்டர் வாசலுக்கென்று ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கில் கட்அவுட் தயாரானது. விண்வெளி உடை, ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் அண்டா. கவசத்துக்குள் முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் ஓட்டை.

"மாப்ள, சோணமுத்தா எவன் நடிக்கிறான்னு அந்த ஊர்க்காரங்கட்ட கேட்டுச் சொல்லு. மொகம் மட்டுந்தான் பாக்கி. மொகம் இல்லாம எதுல பாலு ஊத்துறது?" என்று போனில் கேட்டான்.

லிண்ட்னரிடம் கேட்டேன். "சமையல்காரர் யார்?" அவர் யோசித்துவிட்டு, சங்கத்தின் கோடை விருந்தில் இறைச்சி சுடுகிறவருடைய பெயரைச் சொன்னார். நான் சைவமா, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமா என்றும் அக்கறையாக விசாரித்தார். கப்பலின் சமையல்காரரைக் கேட்கிறேன் என்று விளக்கியதும் அவர் முகம் மாறியது.

"கப்பலில் சமையல்காரர் கிடையாது. எல்லோரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்."

"அப்படியானால் பூதம்?"

"கப்பித்தேன் சுடுகிறார்." கேப்டனைத்தான் சொன்னார்.

சோணமுத்து கதையிலேயே இல்லை. பெயர்கூடப் போட்டுக்கொள்ளாத யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர், மாத்திரை விழுங்கிக்கொண்டு மனிதர் எத்தனை நாள் இருப்பார் என்று மனம் தாங்காமல், எரியோட்டிலிருந்து ஒரு ஆளைக் கப்பலேற்றிவிட்டிருக்கிறார். படத்தில் சோணமுத்து வரவில்லை என்றால் பாண்டியின் மெஸ் மூடிவிடாது. ஆனால் தான் ஏன் கரண்டி பிடித்தோம் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டுவந்த கதை போய்விடும். இதற்கிடையில் கட்அவுட்டைத் தியேட்டர் வாசலில் நிறுத்தியும் விட்டார்கள். முகமில்லாத அதைப் பார்த்து, ஹெல்மெட் போடச் சொல்லிப் போலீஸ் வைத்த விளம்பரம் என்று நினைத்துப் பலர் வண்டியை மெதுவாக ஓட்டினார்களாம்.

கடைசியில் வீடியோ காலில் சொன்னேன். பாண்டி பரோட்டாக் கல்லின் முன் நின்றிருந்தான்.

"பாண்டி, படத்துல சோணமுத்து இல்லடா. மூலக் கதையிலயே இல்ல. தமிழ்ல எழுதுனவரு சேத்துவிட்டது."

அவன் கல்லில் கிடந்ததைத் திருப்பிப் போட்டான். அடுத்ததையும் திருப்பிப் போட்டான்.

"மாப்ள, நம்ம மெஸ்ல வந்து அம்புட்டுப் பேரு சாப்புட்டுப் போறான். எவனாச்சும் அடுப்படிக்குள்ள எட்டிப் பாத்திருக்கானா?"

"இல்ல."

"அங்கயும் அப்படித்தான். கத எழுதுனவன் கப்பல்ல முன்னாடி உக்காந்து எழுதிருப்பான். உள்ள ஆள் இருக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்? செத்த நேரம் இரு, கஸ்டமர் பரோட்டாவுக்குத் தொட்டுக்க வெஞ்சனம் கேக்குறாரு."

பாண்டி சொன்னதை லிண்ட்னரிடம் சொன்னேன். அவரால் இதை அப்படியே விட முடியவில்லை. ஃபெராய்ன் கூட்டத்தில் சோணமுத்து விவகாரம் விவாதப் பொருளானது. நான் எழுந்து நின்று, கருவாடு என்றால் என்ன என்று என் அரைகுறை ஜெர்மனில் விளக்க வேண்டியிருந்தது. காய்ந்த மீனைப் பார்த்து ஒரு பூதம் மனம் மாறுவதற்கு அறிவியல் அடிப்படை உண்டா என்று ஒருவர் கேட்டார். அந்த மீன் எங்கள் தெருவில் ஒருமுறை வறுக்கப்பட்டதை லிண்ட்னர் நினைவுகூர்ந்தார். அதற்குப் பிறகு யாரும் சந்தேகம் எழுப்பவில்லை. கப்பலில் சோணமுத்து உண்டா இல்லையா என்ற முடிவைப் படம் வெளியாகும்வரை தள்ளிவைத்தார்கள்.

சில நாள் கழித்து லிண்ட்னர் கதவைத் தட்டினார். கையில் பழைய இதழ் ஒன்றின் நடுப்பக்கம். கப்பலைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம். கீழ்த்தளத்தில் தீப்பெட்டி போல ஓர் அறை, அதற்கு 'கொம்பூசே' என்று பெயர். கப்பலின் சமையலறை.

"மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சமையலறை எதற்கு?" என்று என்னைக் கேட்டார். இத்தனை வருடம் இதைக் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்ற கலக்கம் அவர் முகத்தில் இருந்தது. உட்காரச் சொல்லி ரசம் கொடுத்தேன். இருமிக்கொண்டே குடித்து முடித்தார்.

படம் வந்தது. இங்கே மாலைக் காட்சி. அங்கே அதற்குள் காலைக் காட்சி முடிந்து பாண்டி அழைத்துவிட்டான். பின்னால் ஒரே கூச்சல்.

"பாலு ஊத்துனியாடா?"

"ஊத்தல மாப்ள. சமையக்காரருக்கு முன்னாடி பால வீணாக்கலாமா? கட்அவுட்டுக்குக் கீழயே அடுப்ப வச்சு வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்துட்டோம்."

"படம்?"

"மாத்திர திங்கிற சீன் ஒண்ணு வரும் பாரு. எடது பக்கத்துல ஒரு கதவு, மூடியிருக்கும். அடியில வெளிச்சம் தெரியும். தியேட்டரே எந்திரிச்சு நின்னு விசிலடிச்சுச்சு. நீயும் பாத்துக்க."

லைப்சிக் தியேட்டரில் விசில் இல்லை. வெள்ளி உடையணிந்த வயதானவர்கள் அவரவர் எண்ணுள்ள இருக்கையில், பாப்கார்னைக்கூடச் சத்தமில்லாமல் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரைக் காட்சி வந்தது. கேப்டன் ஏதோ வீர வசனம் பேசினார். இடது ஓரத்தில் கதவு இருந்தது. அடியில் மஞ்சள் வெளிச்சமும் இருந்தது. லிண்ட்னர் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, "டா?" என்றார். அங்கேயா?

"அங்கதான்" என்றேன், என்னை அறியாமல் தமிழில். அவர் தலையாட்டினார்.

பிறகு பூதம் வந்தது, கேப்டன் சுட்டார், கப்பல் பூமிக்குத் திரும்பியது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். கதவு மட்டும் திறக்கவே இல்லை. விளக்கு போட்ட பிறகும் நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கதவுக்கு உள்ளே எரியோட்டுக்காரர் ஒருவர், கப்பல் எந்த ஊரில் இறங்கியிருக்கிறது என்று தெரியாமல், அடுத்த வேளைக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார்.