பால் தேத்தண்ணிக்காகப் பிடித்த நோன்பு

கல்முனைக்குடி கச்சிமுகம்மதுவுக்கு அவருடைய வயிறுதான் பெரிய சத்துரு. பாலில்லாத பிளேன்டீ எத்தனை கோப்பை ஊற்றினாலும் பேசாமல் கிடக்கும். பால்மா கரைத்த தேத்தண்ணி இறங்கினால் போதும், கொஞ்ச நேரத்தில் கலங்கி உருண்டு ஆளை எழுப்பி ஓடவிடும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். அவர் நெல் அறுக்கும் வெட்டுமெசின் ஓட்டுகிறவர், வயலில் இறங்கினால் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆள். அவருக்கு அது வெட்கம்தான்.

மருதமுனையில் மச்சான் ஒருவரின் கலியாணத்தில், மறுக்க முடியாமல் ஒரு கோப்பை குடித்துவிட்டு, நிக்காஹ் நடந்துகொண்டிருக்கும்போதே சபையை விலக்கிக்கொண்டு கக்கூசுக்கு ஓடினார். வெளியே சின்னப் பிள்ளைகள் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அன்றோடு பிறத்தியார் வீட்டில் வாய் நனைப்பதை விட்டார். "பிளேன்டீ தாங்கெண்டு கேட்டா என்ன?" என்றாள் மனைவி சரீபா. கேட்டால் ஏன் என்பார்கள். விருந்தாளிக்கு வெறுந்தேத்தண்ணி கொடுப்பது வீட்டுக்காரருக்குக் குறை. காரணம் தெரியும்வரை குடைந்துகொண்டே இருப்பார்கள்.

சொறிக்கல்முனை அழகரெத்தினம் அண்ணனின் வயலை வெட்டப் போன முதல் நாளே சோதனை வந்தது. அவருடைய மகள் மேனுஜா பால் தேத்தண்ணியைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"நான் நோன்பு, மகள்."

எப்படியோ வாயில் வந்துவிட்டது. அன்று திங்கட்கிழமை. திங்களும் வியாழனும், கடமையில்லாவிட்டாலும், சுன்னத்தான நோன்பு பிடிக்கிறவர்கள் ஊரில் உண்டுதான். இவர் அந்த ரகமல்ல. ரமழானிலேயே சரீபா நாலுதரம் உலுப்பினால்தான் விடியுமுன் சோறு தின்ன எழும்புவார். ஆனால் அழகரெத்தினம் உருகிப்போனார். "இந்த வெயிலுக்க, இந்த வேலையோட நோன்புமா தம்பி!" என்றார்.

பிறகென்ன, அந்த வயலுக்குத் திங்களும் வியாழனும் பார்த்தே நாள் குறித்தார். நோன்பு திறக்க வீட்டுக்குப் போகவேண்டும் என்று பொழுது சாயுமுன் கிளம்பிவிடுவார். படைத்தவன் பெயரில் பொய் சொல்கிறோமே என்று தொழுகையில் நிற்கும்போது நெஞ்சு உறுத்தும். அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைப்பார். அடுத்த முறையும் நா எழாது.

போன சிறுபோக வெட்டில் பிடிபட்டார். மத்தியான வெயிலில் மெசினின் மறைவில் குந்தியிருந்து, சரீபா கட்டிக்கொடுத்த இறைச்சிச் சோற்றை வாய் நிறைய அள்ளிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தால் முன்னால் அழகரெத்தினம்.  தானே பிழை செய்தவர்போல் திரும்பி வரப்பால் நடந்துபோனார். கச்சிமுகம்மது மிச்சச் சோற்றைப் பொதியோடு மூடி வைத்தார்.

பின்னேரம் வேலை முடிந்து அழகரெத்தினத்தின் வீட்டுக்குப் போனார். மேனுஜா கதிரை போட்டாள். நோன்பில்லை என்று தெரிந்தும் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

அழகரெத்தினம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "எங்கட வீட்டுல குடிக்க மனமில்லாட்டி சொல்லியிரிக்கலாம் தம்பி. தமிழ் முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு உங்கட ஆக்கள் கொஞ்சப் பேர் அப்பிடித்தான். நாங்க ஒண்டும் நினைக்க மாட்டம்."

கச்சிமுகம்மதுவுக்கு உடம்பு கூசியது. தன் வயிற்றை மறைக்கப் போய் இந்த மனிதரின் வீட்டையே கேவலப்படுத்திவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. இனி வாயால் சொன்னால் யார் நம்புவார்?

"மகள், பால் தேத்தண்ணி ஒண்டு ஊத்துங்க," என்றார்.

மண்டிவரைக்கும் குடித்தார். எழும்பாமல் இருந்தார். வயிறு உருளத் தொடங்கியது, நெற்றி வியர்த்தது, பல்லைக் கடித்தார். கடைசியில் முடியவில்லை.

"அண்ணன், கக்கூசு எங்க?"

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். "பால்மா என்ட வயித்துக்கு ஒத்துக்காது அண்ணன். குடிச்சா இப்பிடித்தான். சொல்ல வெக்கத்துல நோன்பெண்டு பொய் சொன்னன். உங்கட வீட்டுல ஒரு குறையும் இல்ல. மாப்புத் தாங்க."

மேனுஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தகப்பனும் சிரித்துவிட்டால் தப்பினோம் என்று கச்சிமுகம்மது அவர் முகத்தைப் பார்த்தார். அழகரெத்தினம் சிரிக்கவில்லை.

"நோன்பாளி ஒராள் நம்மட வயலுக்க பசியோட காயக்குள்ள நாம எப்பிடித் திங்கிறதெண்டு," அவர் மெல்லச் சொன்னார், "நீங்க வாற நாளையில நானும் பொழுது படுமட்டும் பச்சத்தண்ணி கூடக் குடிக்கிறல்ல தம்பி."

கச்சிமுகம்மது தலையைக் குனிந்தார். கலியாண வீட்டில் கக்கூசுக் கதவைத் திறந்து அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் வெளியே வந்தவர் அவர். இந்த ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.