ரீட்டா அக்காவின் கூரையும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும்

பழைய வீடுகளைக் காப்பாற்றுகிற வேலையில் முதலில் பழக வேண்டியது, நம்மை உள்ளே விடலாமா என்று வீட்டுக்காரர் யோசித்து முடிக்கும்வரை வெயிலில் நிற்பது. நீங்களும் எங்காவது ஒரு பழைய மண்டபத்தையோ மணிக்கூண்டையோ இடிக்காமல் வைத்திருக்கப் புறப்பட்டு, "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்கப்பட்டவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே வார்டில் படுத்திருக்கிற நோயாளிகள்.

வாரநாட்களில் நான் வெள்ளவத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கே பழைய வீடுகளைத் தேடி அலைகிற எங்கள் கூட்டத்தில் நிலையானவர்கள் மூன்று பேர். கட்டடக்கலைஞர் நிலூஷா, தமிழ் பாதி வரும். ஹாட்வெயார் கடை பஸீர் நானா, ஊரில் பாதிப் பேரைத் தெரியும். மூன்றாவது நான். எனக்குத் தெரிந்தது விடாமல் கதைப்பது மட்டும்.

நுளம்பு தேடி வந்தவர்கள்

ரீட்டா அக்காவின் வீட்டைக் கண்டதும் நிலூஷா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். முன்னால் மரத்தூண் வரிசை, கதவுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையுமான கண்ணாடி, கூரையில் கையால் வளைத்தது போன்ற பழைய ஓடுகள். அந்தக் குறுகிய ஒழுங்கையில் மிஞ்சியிருந்த இரண்டு பழைய வீடுகளில் அது ஒன்று.

ரீட்டா அக்கா பொரளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாகத்தான் இருக்கிறார். ஜன்னல் வழியாக எங்கள் பைல்களையும் தொப்பிகளையும் பார்த்தார். கதவைத் திறந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் எங்களைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போய்ப் பூச்சாடி, வாளி, சிரட்டை என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினார். "ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா, பாருங்கோ!" டெங்கு பரிசோதனைக்கு வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார். இல்லை அக்கா, வீட்டின் அழகைப் பார்க்க வந்தனாங்கள் என்று சொன்னேன். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கு ஏன் வெயிலில வந்தனீங்கள்? மழை பெய்யேக்க வாங்கோ, அப்பதான் இந்த வீட்டின்ர அழகு முழுசாத் தெரியும்."

மழையில் வந்தோம்

சொன்னபடி மழையில் போனோம். நடு அறையில் மூன்று இடத்தில் ஒழுகியது. முன்னறைச் சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அக்கா கட்டிலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பஸீர் நானாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். நிலூஷா வாளிகளை வெளியே ஊற்றப் போய் வழுக்கி விழுந்து எழும்பினாள்.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாடி வீடுகள் கட்டுகிற ஒருவர் வந்து வீட்டை விலைக்குக் கேட்டிருக்கிறார். மெல்பேர்னில் இருக்கும் தம்பி அல்பிரட்டுக்கும் வீட்டில் பாதி உரிமை. அவர் விற்கச் சொல்லிவிட்டார். அக்காவின் கையெழுத்துத்தான் பாக்கி. உங்களுக்கு இந்த வீடு பிடிக்கவில்லையா என்று கேட்டேன். ஈரமான கட்டில் விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு வீட்டைப் பிடிக்கும் பிள்ளை. வீட்டுக்குத்தான் என்னைப் பிடிக்கேல்ல."

ஒரு மாதம் பிந்தியது

அந்த ஒழுங்கையின் மற்றப் பழைய வீட்டைப் பற்றி நாங்கள் பேசினோம், படம் எடுத்தோம், திரும்பவும் பேசினோம். ஒரு ஞாயிறு காலை போனபோது அந்த இடத்தில் வீடு இடிக்கிற பெக்கோ இயந்திரம் நின்றது. வீட்டின் முன்பக்கம் போய்விட்டிருந்தது. பின்சுவரில் யாரோ பூசியிருந்த நீல நிறம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவு நாளும் நாங்கள் அந்த அறைக்குள் போனதே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு இடிபாட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "மிஸ், நீங்க போன மாசம் வந்து இப்பிடி அழுதிருந்தா, நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

சோதனைச் சாவடி

அதன் பிறகு நாங்கள் கூட்டம் போடவில்லை. ஓடு தேடினோம். ரீட்டா அக்காவின் கூரையில் உடைந்த ஓடுகளுக்குப் பதில் போட இப்போது செய்கிற ஓடு பொருந்தாது. மட்டக்குளியில் ஒரு பழைய களஞ்சியம் இடிபடுகிறது, அதே மாதிரி ஓடு இருக்கிறது என்று பஸீர் நானாவுக்குக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. அங்கிருந்தவர்கள் சும்மாவே தந்தார்கள். குப்பையை ஏற்றிக்கொண்டு போக ஆள் வந்ததில் அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

திரும்பி வரும்போது ஒரு பொலிஸ்காரர் லொறியை மறித்தார். ஓடுகளை மூடியிருந்த படங்கைத் தூக்கிப் பார்த்தார். பழைய ஓடு, பக்கத்தில் கட்டடக்கலைஞர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி, ஹாட்வெயார் முதலாளி. நான்கையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிலூஷா சிங்களத்தில் ரீட்டா அக்கா, அவருடைய கட்டில், மெல்பேர்ன் தம்பி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். படங்கைத் தானே இழுத்து மூடினார். போகலாம் என்று கை காட்டிவிட்டு, லொறி நகரும்போது கூடவே இரண்டடி நடந்து வந்து சிங்களத்தில் சொன்னார்: "மிச்சம் வந்தால் எனக்குச் சொல்லுங்கள், எங்கள் அம்மாவின் வீடும் ஒழுகுகிறது."

வரிசை

கூரைக்கு மேலே இரண்டு மேசன்மார். கீழே ஓடு கை மாறிப் போக நாங்கள் ஆறேழு பேர் நின்றோம். லொறி ஒழுங்கைக்குள் வராது, முனையிலேயே நின்றது. ஆள் போதவில்லை.

எதிர் மாடி வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவருடைய மனைவி வந்தார். பேலியகொடை மீன் சந்தையில் வேலை முடிந்து வந்த இரண்டு பேர், மீன் மணத்தோடேயே வந்து நின்றார்கள். வரிசை முனை வரைக்கும் நீண்டுவிட்டது. எங்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. ஓடுகளை வாங்கிக் கொடுக்கிற அவசரத்தில் பெயர் கேட்கவும் நேரமில்லை. ரீட்டா அக்கா வாசலில் நின்று, வார்டில் பழகிய குரலில், "முதுகை வளைக்காதீங்கோ, முழங்காலை மடியுங்கோ!" என்று எல்லாரையும் அதட்டினார். அப்போது ஒரு த்ரீவீல்காரர் வந்து ஹோர்ன் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் விலகவில்லை. கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்: "ஒண்ணு வழி விடுங்க, இல்லாட்டி எனக்கும் வரிசையில ஒரு இடம் தாங்க!"

மெல்பேர்னிலிருந்து

அல்பிரட் அண்ணனோடு வீடியோவில் கதைக்க வேண்டிய நாளில் எல்லாரும் கூடியிருந்தோம். அவர் நல்ல மனிதர்தான். அக்கா தனியாகக் கிடந்து அவதிப்படுகிறாரே என்பதுதான் அவருடைய கவலை. புது மாடியில் ஒழுகாத ஒரு வீடாவது கிடைக்குமே என்றார். முன்னறை இரண்டையும் வயலின் வகுப்புக்கு வாடகைக்குக் கொடுக்கலாம், ஆள் நடமாட்டமும் இருக்கும், பராமரிக்க வழியும் இருக்கும் என்று நிலூஷா தன் பாதித் தமிழிலும் முழு ஆங்கிலத்திலும் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஆனாலும், "கூரை?" என்றார். அவர் இப்போது வேண்டாம் என்றால் எல்லாம் முடிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு மழை கொட்டத் தொடங்கியது. அக்கா போனைத் தூக்கி முகட்டைக் காட்டினார். நடு அறை, முன்னறைச் சுவர், கட்டில் என்று மெதுவாக நடந்தார். போனில் மழைச் சத்தம் கேட்கிறதா என்றுகூட எனக்குச் சந்தேகம். கட்டில் அதே இடத்தில் காய்ந்து கிடந்தது. பிறகு அல்பிரட் அண்ணனின் குரல் வந்தது: "அக்கா, மழை பெய்யுதெண்டு பொய் சொல்லாதேங்கோ."

ஜன்னலைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார். விற்கிற கதையை அன்றே நிறுத்திவிட்டார்.

வரலாறு சொல்லுதல்

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். சுற்றிக் காட்டுவது ரீட்டா அக்கா. முதல் நாள் கண்ணாடி எங்கே செய்திருக்கலாம், தூண் என்ன மரம் என்று நிலூஷா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். அடுத்த முறை அந்த வாசலில் ஒரு பறங்கித் துரை காதலிக்காகக் காத்திருந்தார். அதற்கடுத்த முறை அந்தத் துரைக்குக் குதிரையும் வந்துவிட்டது. நிலூஷா பதறிப்போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்கெல்லாம் ஆதாரம் இல்லை ஆன்டி என்றாள். அக்கா அசையவில்லை: "உண்மையை மட்டும் சொன்னா சனம் ரெண்டு நிமிஷத்தில போயிடுது மகள், நான் என்ன செய்ய?"

குதிரையை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். துரையைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

போன ஞாயிறு

வந்தவர்களில் ஒரு அம்மா எல்லாரும் போன பிறகும் நின்றார். பக்கத்துத் தெருவாம். தூணைத் தொட்டுப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார். தேத்தண்ணி கொடுத்தோம், குடிக்கவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, பஸீர் நானாவைத் தாண்டி என்னிடம் வந்து கிட்டத்தட்ட காதுக்குள் கேட்டார்: "எங்கட வீட்டை விக்கிறதுக்கு மகன் ஆள் கூட்டிட்டு வரப்போறான். அதுக்கு முந்தி நீங்க நாலு பேர் வந்து, அவன்ர காதில விழுற மாதிரி 'ஆஹா, என்ன வடிவான வீடு' எண்டு சொல்ல ஏலுமா?"

ஆக, இந்த வேலையில் ஒரு வீட்டை நிற்க வைத்ததற்குக் கிடைக்கிற சம்பளம், அடுத்த வீட்டின் விலாசம்.