கட்டில் காலுக்குள் ஒரு வண்டு

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன வருடம், பாலையூற்று வீட்டில் எனக்குத் துணையாக இருந்தது ஒரு பூச்சிதான். அப்பா துறைமுகத்து வேலை முடிந்து பொழுதுபட்டுத்தான் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நானே கதவைத் திறந்து, நானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு மாமரக் கட்டிலில் கிடப்பேன். அப்போது கட்டில் காலுக்குள் அது மரத்தை அரிக்கும். கிறுக், கிறுக். யாருமில்லாத வீட்டில் ஏதோ ஒன்றாவது உயிரோடு இருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கும்.

அப்பாவுக்கோ கோபமான கோபம். “உளுத்த மரத்தை என்ர தலையில கட்டிப்போட்டான்” என்று தச்சனைத் திட்டிக்கொண்டு மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். நான் கட்டில் காலைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் போத்தலைத் திரும்பக் கொண்டுபோனார்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் போனில் கோல் எடுப்பாள். “சாப்பிட்டனியோ?” “ஓம்.” “படிச்சனியோ?” “ஓம்.” அதற்குமேல் இரண்டு பேருக்கும் கதை வராது. ஒருநாள் பூச்சியைப் பற்றிச் சொன்னேன்.

“போனை அதுக்குக் கிட்ட வை, நானும் கேக்கிறன்.”

வைத்தேன். வெகுநேரம் அம்மா கட் பண்ணவேயில்லை. அதன்பிறகு வெள்ளி தவறாமல் பூச்சிக் கச்சேரிதான். எனக்குக் கொஞ்சம் பொறாமை. என்றாலும் அம்மா லைனில் இருந்தாளே!

ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன், கட்டில் காலில் வட்டமாக ஓர் ஓட்டை. உள்ளே இருந்த புழு வண்டாகி வெளியே வந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் இருந்தது, உடம்பைவிட நீளமான இரண்டு கொம்புகளோடு. எட்டிப் பிடித்தேன். கிறீச்சென்று கத்தியது. பயத்தில் விட்டுவிட்டேன், பறந்தே போய்விட்டது. பாழாய்ப்போனது!

இனி அம்மா எதற்காக லைனில் இருப்பாள்? அதற்குள் போன் அடித்தது. கட்டிலுக்கடியில் புகுந்து, ஒரு கையால் போனைக் கட்டில் காலோடு பிடித்து, மறு கையால் ஆணியை வைத்து மரத்தைச் சுரண்டினேன். மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையில்லாமல் மெல்ல உறிஞ்சிக்கொண்டேன்.

“கேக்குதோ அம்மா?”

“ஓம் மகள், நல்லாக் கேக்குது.” கொஞ்சம் பொறுத்து, “தடிமனோ உனக்கு? கொத்தமல்லி அவிச்சுக் குடி, என்ன” என்றாள்.

தடிமனைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பூச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படித் தெரிந்ததென்று எனக்கு விளங்கவேயில்லை. அப்பாதான் கோள் சொல்லியிருப்பார் என்று அவரோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன்.